இல்லப்பணி இருவர்க்கும் சாதனையே

மகாராஷ்டிரத்தின் பக்தி மரபில் ஜனாபாய்க்குத் தனியிடம் உண்டு. பண்டரிபுரத்து மகான் நாமதேவரின் இல்லத்தில் பணிப்பெண்ணாக வாழ்ந்தவர் அவர். திரிகையில் தானியம் அரைப்பதும், நீர் சுமப்பதும், வீடு பெருக்குவதுமே அவரது அன்றாட வாழ்க்கை. அவர் பெயரால் வழங்கும் அபங்கங்கள் வியப்பான செய்தி ஒன்றைக் கூறுகின்றன. அடியவளின் களைப்பைக் கண்ட விட்டலன் அவளருகே வந்தமர்ந்து திரிகையின் பிடியைத் தானும் பற்றிச் சுற்றினான். அவள் பெருக்கிய குப்பையைத் தன் கையால் அள்ளினான். பகவான் அவளுக்கு ஆறுதல் மொழி கூறிவிட்டுச் செல்லவில்லை. அவளது வேலையையே பகிர்ந்துகொண்டான்.

அதே மாநிலத்தின் தலைநகரான மும்பையில், புறநகர்ப் பகுதி ஒன்றில் வாழும் தம்பதியரை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். நெரிசல் மிகுந்த மின்சார ரயிலில் நின்றபடியே பயணம் செய்பவர்கள். இருவரும் இறைபக்தி உடையவர்கள். அதிகாலையில் கணவர் நீராடி ஜபத்திற்கு அமர்கிறார். மனைவியோ அதற்கு முன்பே எழுந்து, இருவருக்கும் மதிய உணவு சமைத்து, குழந்தையை எழுப்பிக் குளிப்பாட்டி, சீருடை அணிவித்துப் பள்ளிக்கு அனுப்ப விரைகிறார். மாலையில் வீடு திரும்பியதும் கணவர் ஆன்மிக நூலை விரிக்கிறார். மனைவி சமையலறைக்குள் நுழைகிறார். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மறுநாள் விடுப்பு எடுப்பவரும் மனைவியே.

“ஜபம் செய்யக் கால் மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை” என்று ஒருநாள் அவர் வருந்துகிறார். “மனம் இருந்தால் நேரம் தானே கிடைக்கும்” என்று கணவர் அமைதியாகப் பதில் கூறுகிறார். அந்த அமைதி யாருடைய உழைப்பில் விளைந்தது என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

இது ஏதோ ஓரிரு இல்லங்களின் நிலை அன்று. மத்திய அரசு 2024-ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அவற்றில் செலவிடுகின்றனர். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவதோ 88 நிமிடங்கள். 2019-ஆம் ஆண்டின் ஆய்வில் இவை முறையே 299, 97 நிமிடங்களாக இருந்தன. பெண்களின் நேரம் சற்றே குறைந்திருக்கிறது. ஆண்கள் அளிக்கும் நேரமும் உடன் குறைந்திருக்கிறது!

பெற்றதைத் திருப்பி அளித்தல்

பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயம் உலக வாழ்க்கையையே ஒரு யக்ஞமாகக் காட்டுகிறது. பிறரால் பெற்றதற்கு ஈடாக எதையும் அளிக்காமல் அனுபவிப்பவனை அது திருடன் என்றே சுட்டுகிறது. இந்தக் கடுஞ்சொல்லை வேள்விச் சாலையோடு நிறுத்திவிடலாகாது. இல்லத்தின் சமையலறைக்கும் அது பொருந்தும். துவைத்து மடித்த ஆடை, சூடான உணவு, உறங்கும் குழந்தை ஆகிய அனைத்தும் ஒருவரின் உழைப்பிலிருந்து மற்றவர் பெறும் கொடைகள். அவற்றை நாள்தோறும் பெற்றுக்கொண்டு எதையும் திருப்பி அளிக்காதவரின் தியானம் கடன்பட்டவரின் தியானமே ஆகும்.

‘நான் மனைவிக்கு உதவி செய்கிறேன்’ என்று கூறும் நல்லுள்ளம் படைத்த கணவர்களும் உண்டு. அவர்களும் சற்றுச் சிந்திக்க வேண்டும். பிறருடைய வேலையில் கைகொடுப்பதே உதவி எனப்படும். தாம் உண்ட பாத்திரத்தைத் துலக்குவதும், தம் குழந்தைக்கு உணவூட்டுவதும் எவ்வாறு பிறர் வேலையாகும்? அது தம்முடைய தர்மம்.

பெரியோர் காட்டிய வழி

அன்னை ஸ்ரீ சாரதாதேவி ஜயராம்பாடியில் தம்மை நாடி வந்த பக்தர்களுக்காகக் காய்கறி நறுக்கினார், சமைத்தார், அவர்கள் உண்ட இடத்தைத் தூய்மை செய்தார். பெருக்கி முடித்ததும் துடைப்பத்தை அலட்சியமாக வீசி எறிந்த ஒருவரைத் திருத்தி, அதற்கும் உரிய மதிப்பை அளிக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். துடைப்பத்திற்கே மதிப்பு உண்டெனில், அதை ஏந்தும் கைக்கு எத்துணை மதிப்பு அளிக்க வேண்டும்!

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்தபோது, குழந்தை வளர்ப்பு பற்றிய குஜராத்தி நூல் ஒன்றைக் கருத்தூன்றிப் பயின்றார். 1900-ஆம் ஆண்டு இளைய மகன் தேவதாஸ் பிறந்த வேளையில் தாமே பிரசவத்தைக் கவனித்துக்கொண்டார். கடைசி இரு குழந்தைகளைப் பேணும் பணியையும் தாமே செய்ததாகத் தமது ‘சத்திய சோதனை’யில் குறிப்பிடுகிறார். தொழிலில் ஓய்வின்றி உழைத்த காலத்திலேயே அவர் இதைச் செய்தார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

செய்யத் தக்கது

தம்பதியர் ஒரு விடுமுறை நாளில் சேர்ந்தமர்ந்து, வீட்டின் வேலைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். தடுப்பூசி நாளை நினைவில் வைத்தல், பள்ளிக் கட்டணம் செலுத்துதல், தீர்ந்துபோன மளிகையைக் கவனித்தல் போன்ற கண்ணுக்குப் புலப்படாத வேலைகளும் அதில் இடம்பெற வேண்டும். பின்னர் ஒவ்வொரு வேலையையும் ஒருவர் முழுமையாக ஏற்க வேண்டும். மற்றவர் நினைவூட்டிய பின்பே செய்வது பொறுப்பேற்றல் ஆகாது. காலை ஜப வேளையையும் இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் இறைவன்முன் அமரும்போது மற்றவர் அடுப்பையும் குழந்தையையும் கவனித்துக்கொள்ளட்டும்.

மனைவிக்கும் இதில் ஒரு சாதனை உண்டு. கணவர் மடித்த துணி சற்றுக் கோணலாக இருக்கலாம். அவர் வைத்த பருப்பில் உப்பு குறையலாம். ‘நான் செய்தால்தான் சரி’ என்னும் எண்ணத்தை விடுவதும் அகங்காரத்தைத் துறப்பதே. வீட்டுப் பெரியோரும் மகன் பாத்திரம் துலக்குவதைக் கண்டு முகம் சுளிக்காமல் மகிழ வேண்டும். தந்தை துடைப்பம் ஏந்துவதைக் கண்டு வளரும் சிறுவனுக்கு, உழைப்பின் உயர்வைத் தனியே போதிக்க வேண்டியதில்லை.

முன்பு கூறிய கணவர், வாரத்தில் மூன்று நாட்கள் காலைச் சமையலைத் தாம் ஏற்பாராக. அந்நாட்களில் அவரது மனைவி பூஜையறையில் விளக்கேற்றி நிம்மதியாக ஜபமாலையைக் கையில் எடுப்பார். கரண்டியைப் பிடித்த கையோடு கணவர் இறைநாமத்தைச் சொல்லட்டும். திரிகையின் பிடியைப் பற்றத் தயங்காத விட்டலன், அந்தச் சமையலறைக்கும் நிச்சயம் வருவான்.