பிறர் இழப்பை நாம் மன்னிக்கலாமா?

சிறிய இழப்பைப் பெரிதுபடுத்தாமல் விட்டுவிடுவது பெருந்தன்மையின் அடையாளம் என்று நாம் எண்ணுகிறோம். கடையில் சில்லறை குறைந்தால் "போகட்டும்" என்கிறோம். வாங்கிய பொருள் சொன்ன அளவில் இல்லாவிட்டாலும், ஒன்றரை ரூபாய்க்காக யார் அலைவது என்று ஒதுங்கிவிடுகிறோம். பொறுமையும் மன்னிப்பும் இளமை முதல் நமக்குக் கற்பிக்கப்பட்ட நற்பண்புகள். வழக்கு என்ற சொல்லே நம் செவிக்குக் கசப்பாக ஒலிக்கிறது. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. நம் இழப்பை மன்னிக்க நமக்கு உரிமை உண்டு. அதே இழப்புக்கு உள்ளான அயலாரின் சார்பில் மன்னிக்கவும் நமக்கு உரிமை உண்டோ?

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். லிட்டர் 150 ரூபாய் விலையுள்ள சமையல் எண்ணெய்ப் பாக்கெட் ஒவ்வொன்றிலும் ஒரு நிறுவனம் 10 மில்லி லிட்டர் குறைத்து நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். வாங்குபவருக்கு இழப்பு ஒன்றரை ரூபாய். 10 லட்சம் பாக்கெட்டுகள் விற்றால் நிறுவனத்திற்கு முறையற்ற ஆதாயம் 15 லட்சம் ரூபாய். இழந்தவர் எவருக்கும் வலிக்கவில்லை. எனவே கேட்பாரும் இல்லை. களவு துளித்துளியாகப் பங்கிடப்பட்டதனால் அது களவு அல்லாமல் போய்விடுமா? அளவையைச் சுருக்கி, விலையை ஏற்றி, கள்ளத் தராசால் வணிகம் செய்தவர்களை இறைவாக்கினர் ஆமோஸ் கடிந்துரைத்தார். அவர் கண்முன் நின்றவர்கள் ஏழைகள். நமக்குச் சிறிதாகத் தோன்றும் தொகை, அன்றாடக் கூலியில் அன்றாடம் எண்ணெய் வாங்கும் குடும்பத்திற்குச் சிறிதன்று.

தனி ஒருவர் ஒன்றரை ரூபாய்க்காக வழக்காடுவது இயலாத செயல். இதனை உணர்ந்தே நம் நாட்டுச் சட்டம் ஒரு வழி திறந்திருக்கிறது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இடம்பெற்ற அவ்வழி, 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் 35ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஒரே குறையால் பலர் பாதிக்கப்பட்டிருந்தால், அவர்களுள் ஒருவரோ சிலரோ நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் அனுமதி பெற்று, அனைவரின் சார்பிலும் முறையீடு செய்யலாம். வழக்குத் தொடுத்தவர் தம் செலவில் மற்றவர்களுக்கு நேரிலோ பொது விளம்பரத்தின் வாயிலாகவோ அறிவிப்புத் தர வேண்டும். அதைக் காண்பவர் விண்ணப்பித்துத் தாமும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேரலாம். சேராதவரையும் தீர்ப்புக் கட்டுப்படுத்தும். வாங்கியவர் இன்னாரென எளிதில் கண்டறிய இயலாத நிலையிலும் நிறுவனம் தப்பிவிட முடியாது. அவர்களுக்கு விற்ற குறையுள்ள பொருளின் மதிப்பில் 25 விழுக்காட்டுக்குக் குறையாத தொகையைச் செலுத்துமாறு ஆணையம் பணிக்கலாம்.

இவ்விதிகளுள் ஒன்று நம் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது. அனைவரின் சார்பில் வழக்காடுபவர், மற்றவர்களுக்கு அறிவிப்புச் செல்லாமல் வழக்கைத் திரும்பப் பெறவோ, கோரிக்கையின் ஒரு பகுதியைக் கைவிடவோ, நிறுவனத்தோடு சமரசம் செய்துகொள்ளவோ முடியாது. அவர் அக்கறையின்றி நடந்தால் அவரிடத்தில் வேறொருவரை அமர்த்தலாம். அயலாரின் இழப்பைச் சுமப்பவர், அதைத் தம் விருப்பப்படி மன்னித்துவிட உரிமையற்றவர் என்றே சட்டம் கருதுகிறது. சட்டத்தின் இந்த நுண்ணிய நீதி நம் மனச்சான்றுக்கும் பொருந்துமன்றோ?

பலர் பெயரால் பேசுவது எளிதாக எடுத்துக்கொள்ளத் தக்கதன்று. பெங்களூருவில் 1,134 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், வீடு வாங்கியோருள் 91 பேர் எல்லார் சார்பிலும் வழக்குத் தொடுத்தனர். எல்லாருடைய நலனும் ஒன்றே என்பது முறையீட்டில் போதிய அளவு காட்டப்படவில்லை என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த 91 பேரும் தங்களுக்காக மட்டும் சேர்ந்து வழக்கை நடத்தலாம் என்று அனுமதித்தது. அயலார்க்காக வாய் திறக்குமுன் அவர் குறை என்னவென்று கேட்டறிய வேண்டும் என்பதே இதில் நாம் காணும் பாடம்.

எண்ணிக்கை மிகுதியே உண்மை ஆகிவிடாது என்பதையும் நாம் மறத்தலாகாது. மேகி நூடுல்ஸ் தொடர்பாக 2015இல் நடுவண் அரசே நுகர்வோர் சார்பில் ஏறத்தாழ 640 கோடி ரூபாய் கேட்டுத் தேசிய ஆணையத்தை அணுகியது. 2024 ஏப்ரலில் ஆணையம் அதனைத் தள்ளுபடி செய்தது. பெருங்கூட்டம் குற்றம் சாட்டினாலும் நிறுவனத்திற்கும் நீதி உண்டு. குறை மெய்ப்பிக்கப்பட வேண்டும். அமெரிக்காவிலோ இத்தகைய வழக்குகளில் வழக்கறிஞர்க்குப் பெருந்தொகையும் பாதிக்கப்பட்டவர்க்கு வெறும் தள்ளுபடிச் சீட்டும் கிடைத்த நிலை கண்டு, 2005இல் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. பேராசை நிறுவனத்தின் பக்கம் மட்டுமே குடியிருப்பதில்லை.

அப்படியாயின் மன்னிப்புக்கு இங்கே இடமே இல்லையா? உண்டு. ஆனால் மன்னிப்பு வேறு, ஈடு செய்தல் வேறு. சக்கேயு மனம் மாறியபோது, தாம் ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவே சொன்னார். ஈடு செய்தல் அவரது மனமாற்றத்தோடு இணைந்தே வந்தது. தவறிழைத்தவரிடம் பகை பாராட்டாமலே, எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க முடியும். உண்மையில், கேளாமல் விடுவதே அவர் திருந்தும் வாய்ப்பை அடைத்துவிடுகிறது. கேட்பாரற்ற தவறு நாளடைவில் வணிக வழக்கமாக நிலைபெறுகிறது.

ஆகவே, நாம் செய்யத்தக்கவை மிகச் சிலவே. வாங்கிய பொருளின் ரசீதைப் பாதுகாப்போம். குறை கண்டால் அதே பொருளை வாங்கிய அண்டை வீட்டாரிடம் கேட்டறிவோம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பதை நினைவிற்கொள்வோம். நம்மைப் போன்றோர்க்காக ஒருவர் வழக்குத் தொடுத்த அறிவிப்பைச் செய்தித்தாளில் கண்டால், பக்கத்தைப் புரட்டிவிடாமல் நின்று படிப்போம். அவர் கூறுவது மெய்யெனத் தோன்றினால் அவரோடு சேர்வோம்.

ஈடாகக் கிடைக்கும் சிறு தொகை நமக்குத் தேவையில்லை என்றால் அதை எளியவர்க்கு ஈந்துவிடலாம். அது நம் உரிமை. எளியவர்க்கு வரவேண்டிய தொகையை நம் மௌனத்தால் நிறுவனத்திற்கு ஈந்துவிட நமக்கு உரிமை இல்லை.