வெளியே போகும் உஷ்ணம்

மார்ச் மாதத்திலேயே ஏ.ஸி.யைச் சுத்தம் செய்துவிட வேண்டும், அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் மெக்கானிக் கிடைக்கமாட்டார் என்பது புழலில் நாங்கள் கற்றுக்கொண்ட பாடம். இந்த வருஷம் வந்த பையன் உள்பெட்டியின் வலைகளை உருவிக் குழாயடியில் கழுவி நிழலில் காயவைத்தான். தண்ணீர் வடியும் குழாயின் அடைப்பை ஊதி எடுத்தான். பிறகு சந்துப் பக்கம் போய், வெளிப்பெட்டியின் மெல்லிய தகடுகளில் அப்பியிருந்த தூசியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினான். “கேஸ் சரியா இருக்கு ஸார். தூசிதான் அடைச்சிருக்கு. வெளியே சூடு போகாட்டி உள்ளே எப்படிச் சில்லுனு வரும்?” என்றான்.

அவன் கையலம்பிக்கொண்டிருந்தபோதுதான் எதிரே, மூன்றடி தூரத்தில், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். கதவு சாத்தி, இடுக்குகளில் பழைய துணி திணித்திருந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த ஆயாவிடம் விசாரித்தேன். “போன சித்திரைலேந்தே சாத்திதான் கெடக்கு தம்பி. அப்பாவுக்கு ஒடம்பு முடியலன்னு சொன்னாங்க. அதான் ஒண்ணும் கேக்கல” என்றார்.

குளிர் என்று ஒரு வஸ்து இல்லை. இது பள்ளிப் பாடம்தான். ஆனாலும் நாம் குளிரை ‘உண்டாக்குவதாகவே’ பேசுகிறோம். அறையின் உஷ்ணம் வெளியே மாற்றப்படுகிறது, அவ்வளவுதான். பாங்கில் வேலை பார்ப்பவனுக்கு இது விளங்காமல் போகக்கூடாது. ஓரிடத்தில் வரவு வைத்தால் இன்னோரிடத்தில் பற்று எழுதியாக வேண்டும். என் ஒன்றரை டன் மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து சுமார் 5 கிலோவாட் உஷ்ணத்தை எடுக்கிறது. எடுப்பதற்கு ஒன்றரை கிலோவாட் போல மின்சாரம் தின்கிறது. அதுவும் உஷ்ணமாகிச் சந்துக்கே போகிறது. ஆக, நான் இழந்ததைவிட ஆயா பெற்றது அதிகம். அசலும் வட்டியுமாக.

‘டன்’ என்ற அளவே பனிக்கட்டியிலிருந்து வந்ததுதான். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு உஷ்ணத்தை உறிஞ்சுமோ அதுவே ஒரு டன் குளிர்ச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும், அந்தப் பனிக்கட்டியை அறுத்து மரத்தூளில் பொதிந்து பாஸ்டனிலிருந்து கப்பலேற்றினார்கள். அது சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸில் வந்து இறங்கியது. அந்த வியாபாரத்திலும் யாரோ துரைமார்தான் குளிர்ந்தார்கள். அதைச் சுமந்தவர்கள் வேர்த்தார்கள். ஆனால் ஐஸ் உருகியதால் அடுத்த வீட்டுக்காரருக்குப் புழுங்கியிருக்காது. ஒருவரின் சௌகரியம் இன்னொருவரின் புழுக்கமாக அப்படியே மாறுவது இந்த மெஷின் தந்த புதிய உறவு.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். புழல் என்றால் மற்றவர்களுக்குச் சிறைச்சாலை ஞாபகம் வரும்; எங்களுக்கு ஏரி. ஏரிக் காற்றுக்கு ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கிய குடும்பம்தான் எங்களுடையதும். 2019 கோடையில் ஏரி வறண்டு தரை வெடித்துக் கிடந்ததைப் பார்த்தோம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பின் புழுக்கத்தில் அவரால் ஒரு மணி நேரம்கூடத் தூங்க முடியவில்லை. தவணையில் மெஷின் வாங்கினேன். அது ஆடம்பரம் அல்ல. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு வயோதிக உடம்புதான் படுத்திருக்கிறது. இரண்டு தேவைகளும் ஒரே எடை. தவணை கட்ட முடிந்தது ஒன்றுக்கு மட்டும்.

இந்த இடத்தில் நம்மைப் போல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வழுக்கல் உண்டு. பிரச்னையை உடனே பெரிதாக்கிவிடுவோம். மின்சாரம் எங்கிருந்து வருகிறது? எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டாலும், அதற்கு வடக்கே அத்திப்பட்டில் வடசென்னை நிலையம் நிலக்கரியை எரிக்கிறது. அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்து மீன்பிடிப்பவர்களின் பிழைப்பைக் கெடுத்தது ஊரறிந்த விஷயம். எல்லாம் உண்மை. இதை வைத்து ஒரு கவிதையும் எழுதிவிடலாம். ‘கரமாஸவ் சகோதரர்க’ளில் சாகக்கிடக்கும் ஓர் இளைஞன், ஒவ்வொருவரும் எல்லோருக்கும் முன்னால் குற்றவாளி என்கிறான். அவன் சொல்லும்போது அது அவனைச் சுடுகிறது; நான் சொல்லும்போது சுடவில்லை. எல்லோருக்கும் குற்றவாளியாவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. மூன்றடி தூரத்தில் இருக்கும் ஒருவருக்குக் குற்றவாளியாவதுதான் கஷ்டம். எண்ணூர் பற்றிப் போன வருஷமே நண்பர்களிடம் ஆவேசமாகப் பேசியிருக்கிறேன். அதே இரவுகளில் இந்த ஜன்னல் சாத்தியிருந்தது.

பெரிய கணக்கு பொய் என்று சொல்லவில்லை. சின்னக் கணக்கைத் தீர்ப்பதால் பெரியது தீர்ந்துவிடாது என்பதும் தெரியும். ஆனால் பெரியதைப் பேசும் யோக்யதை சின்னதில் இருந்துதான் வர வேண்டும். ஆயா ஒன்றும் கேட்கவில்லை என்பதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது அவர் என் அப்பாவுக்குக் கொடுத்த தானம். கொடுத்தது தெரியாமலே பெற்றுக்கொண்டிருந்தேன்.

வெளிப்பெட்டியை மொட்டைமாடிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். செப்புக் குழாய் நீளும், கேஸ் கொஞ்சம் கூடுதலாக ஏற்ற வேண்டும், குளிர்ச்சி சற்றுக் குறையலாம் என்றான் பையன். 26 டிகிரியும் மின்விசிறியும் அப்பாவுக்குப் போதும் என்று தோன்றுகிறது, பார்க்க வேண்டும். ஆயாவிடம் சொன்னேன். “எதுக்குத் தம்பி செலவு, பழகிப்போச்சு” என்றார். துணியை இன்னும் எடுக்கவில்லை.

கோடைக்கு முன் செய்ய வேண்டியவற்றில் ஒன்றை அந்தப் பையனும் சொல்வதில்லை. மெஷினை ஓடவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், அந்தக் காற்று படும் இடத்தில் பத்து நிமிஷம் நின்று பார்ப்பது.