கதிர் பொறுக்கும் மூவர்

பிறருடைய கஷ்டத்தை அழகாகப் பார்ப்பது பாவமா? கதை எழுதிப் பிழைக்கிற எவனும் இந்தக் கேள்வியை நெடுநாள் தள்ளிப்போட முடியாது. என்னை அதில் மாட்டிவைத்தது ஒரு பிரெஞ்சுப் படம்.

ழான் பிரான்சுவா மிலே தீட்டி, 1857-ல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தது. அறுவடையான வயலில் மூன்று பெண்கள் சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறார்கள். இருவர் முழுக்கக் குனிந்திருக்கிறார்கள். ஒருத்தி பாதி நிமிர்ந்திருக்கிறாள். தொலைவில் மஞ்சள் வெயில், போர்கள், பாரம் ஏறும் வண்டி, குதிரைமேல் ஒரு கண்காணி. செல்வமெல்லாம் அங்கே, முன்னால் வெறும் தாளடி. குனிந்தவர்களின் தலை அடிவானத்துக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. பாரிஸ் கனவான்களுக்குப் படம் பிடிக்கவில்லை. 1848 புரட்சி நடந்து ஒன்பது வருஷந்தான் ஆகியிருந்தது. ஏழைகளை இவ்வளவு பெரிதாகப் பார்க்க அவர்களுக்குப் பயம்.

அதன் அச்சுப்படம் ஒன்று மூலனூரில் என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. ஊரைத் தாண்டினால் கிளுவை வேலியும் வெள்வேல மரமுமாகக் கொறங்காடுகள், நடுநடுவே கடலைக்காடு. கொடி பிடுங்கிய காட்டில், மண்ணில் தங்கிய காய்களைக் கிளறிப் பொறுக்குகிற பெண்கள் இங்கேயும் உண்டு. அப்படிப் பொறுக்கியே காலம் தள்ளிய ஒரு கிழவி ஒரு நாள் படத்தின் முன் நின்றாள்.

"ஏனுங் தம்பி, இவ இடுப்புப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்கறா போலிருக்குது. பொழுது எறங்கீருச்சு, இன்னும் மடி நெறையலீங்க."

பிறகு கண்காணியைக் காட்டி, "அவனொருத்தன் அங்கயும் நிக்கறானுங்" என்றாள்.

விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். அவளுக்கு அது வலியாகவும் தெரிந்தது, படமாகவும் தெரிந்தது. நெடுநேரம் நகரவே இல்லை. காலண்டர்களில் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துச் சிரிக்கும் கிராமத்துப் பெண்ணை அவள் அப்படி நின்று பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புத்தான் பாவம் என்பேன். மிலே முகங்களை அழகுபடுத்தவில்லை, நிழலில் விட்டுவிட்டார். உடலின் பாரத்தை மட்டும் ஒரு குன்றிமணி குறையாமல் நிறுத்துக் கொடுத்தார். அவரும் நார்மண்டியில் உழவர் வீட்டில் பிறந்தவர்.

அத்தோடு நிம்மதியாகிவிடலாம் என்றால் பணம் குறுக்கே வருகிறது. அவருடைய இன்னொரு படம், வயலில் நின்று மாலை ஜபம் செய்யும் தம்பதி, 1889 ஏலத்தில் 5,53,000 பிராங்குக்குப் போயிற்று. மிலே 1875-லேயே காலமாகிவிட்டார். அவர் குடும்பத்துக்கு அதில் காசு இல்லை. இத்தகைய அநியாயங்கள் கிளப்பிய குமுறலால், 1920-ல் பிரான்ஸ் சட்டம் செய்தது: ஏலத்தில் படம் மறுபடி விலைபோனால் ஓவியனுக்கோ அவன் வாரிசுக்கோ ஒரு பங்கு. நல்ல சட்டம்தான். ஆனால் வரையப்பட்டவர்களுக்கு எந்தச் சட்டம்? குனிந்து நின்ற அந்த மூவரின் பேர்கூட நமக்குத் தெரியாது.

கிழவியின் பேரை நானும் எழுதவில்லை. அவளைப் பற்றி எழுதினால் பத்திரிகைக்காரர் எனக்குச் சன்மானம் அனுப்புவார் என்று சொல்லி வைத்தேன். "எம்பட பேச்சுக்கா?" என்று கேட்டாள். எவ்வளவு என்று கேட்கவில்லை.