மறைச்சொல்லும் திறந்த வாயிலும்

வேதத்துக்கு நம் முன்னோர் இட்ட தமிழ்ப் பெயர் மறை. அனைத்துயிர்க்கும் நன்மை பயப்பது என்று எதைப் போற்றினார்களோ, அதற்கே மறைந்திருப்பது, மறைத்துக் காக்கப்படுவது என்று பொருள்படும் பெயரை ஏன் சூட்டினார்கள் என்பது, இளமையில் என் மனத்தில் புகுந்து, விடை காணாமலே நெடுங்காலம் தங்கிவிட்ட வினாக்களுள் ஒன்று. நன்மை என்றால் அது எல்லார்க்கும் உரியதன்றோ? எல்லார்க்கும் உரியதை ஒளித்து வைப்பானேன்? அந்தப் பழைய வினா, அண்மையில் ஒரு மாலைப் பொழுதில், எழுமலையில் என் வீட்டு நடைச் சுவரில் உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் வாயிலிருந்து, வேறு சொற்களில் மீண்டும் எழுந்தது.

உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது எங்கள் ஊர். பழைய வீட்டின் கனத்த சுவர்களைத் தாண்டிக் கைபேசி அலைகள் உள்ளே வருவதும் உள்ளிருந்து வெளியே செல்வதும் அரிது. பக்கத்து வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணொருத்தி பாடங்களைப் பார்ப்பதற்காகக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் அமர்ந்திருப்பதைப் பலநாள் கண்டபின்பே, இரு வீட்டுக்கும் பயன்படும்படி வாயிலை ஒட்டிய நடையில் ஒரு வைஃபை பெட்டியை வைப்பது என்று தீர்மானித்தேன். வந்த இளைஞன் தன் கைபேசியில் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தான்.

"ஐயா, பேரு என்ன வைக்கட்டும்?"

"ஊர்ப் பேரையே வை. தமிழிலேயே வை."

அந்தப் பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் 32 பைட்டுகளே என்றும், தமிழின் ஒவ்வொரு குறியீடும் அதில் மூன்றை எடுத்துக்கொள்ளும் என்றும் அவன் விளக்கினான். 'எழுமலை' 18-இல் அடங்கிவிட்டது. அடுத்து அவன் கேட்டது பாஸ்வேர்டு. "என்ன போடட்டுங்கய்யா? போட்டுத் தர்றேன், ஆனா யாருக்கும் சொல்லிராதீங்க" என்று அவன் எச்சரித்த அதே கணத்தில், பக்கத்து வீட்டுப் பெண் நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக வாயிற்படியில் வந்து நின்று, "தாத்தா, பாஸ்வேர்டு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றாள். சொல்லாதீர் என்று ஒருவன். சொல்லும் என்று ஒருத்தி. இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. இந்த இருவருக்கும் இடையே நின்றபோதுதான் என் நினைவு திருக்கோஷ்டியூருக்குச் சென்றது.

மதுரைக்குக் கிழக்கே, திருப்பத்தூரை அடுத்திருக்கும் அந்தத் திவ்ய தேசத்தில் நடந்ததாக வைணவ மரபு போற்றும் வரலாற்றை அறியாத தமிழர் சிலரே. மந்திரத்தின் ரகசியப் பொருளை உபதேசம் பெறுவதற்காகத் திருவரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் ராமாநுஜர் 18 முறை நடந்தார் என்பதும், தகுதியறியாமல் எவர்க்கும் உரைக்கலாகாது என்ற ஆணையோடு நம்பி அதை அருளினார் என்பதும், பெற்றவர் மறுநாளே அவ்வூர்க் கோயிலின் மேல் நின்று, விருப்பமுடையார் அனைவரையும் அழைத்து, அதை வெளிப்படையாக உரைத்தார் என்பதும், குரு சினந்து வினவியபோது, ஆணையை மீறியதற்கு நரகம் புகுவது தாம் ஒருவரே, கேட்டவர் அனைவரும் உய்வர் என்ற கருத்துப்பட விடையிறுத்தார் என்பதும், அதைக் கேட்ட நம்பி அவரைத் தழுவி 'எம்பெருமானார்' என்று அழைத்தார் என்பதும் அவ்வரலாற்றின் சாரம்.

இக்கதையைச் சொல்வோரில் பெரும்பாலோர் ராமாநுஜர் ரகசியத்தை உடைத்தெறிந்தார் என்று முடித்துவிடுகிறார்கள். நானும் அவ்வாறே நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆனால் அந்த இளைஞன் தன் அமைப்புப் பக்கத்தில் பாதுகாப்பு என்ற பகுதியைக் காட்டி, அங்கே இருக்கும் வழிகளை விரித்துரைத்தபோது, அந்த எண்ணம் முற்றிலும் சரியன்று என்று தோன்றிற்று.

பாஸ்வேர்டே வைக்காமல் விட்டுவிடுவது ஒரு வழி. அப்பொழுது எவரும் இணையலாம். ஆனால் பெட்டிக்கும் கைபேசிக்கும் இடையே செல்லும் செய்திகளுக்கு அந்தக் காற்றுவழியில் உறை ஏதும் இராது. அருகில் இருந்து ஒற்றுக் கேட்பவனுக்குத் தடையும் இராது. பாஸ்வேர்டு வைத்து, அதை ஒருவர்க்கும் சொல்லாமல் இருப்பது மற்றொரு வழி. பாஸ்வேர்டு வைத்து, கேட்பவர்க்கு அதைச் சொல்வது மூன்றாவது வழி. முதலாவதும் மூன்றாவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் எல்லாரும் உள்ளே வருகிறார்கள். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. கதவைப் பெயர்த்து எறிவது வேறு. கதவை அதன் இடத்திலேயே வைத்துச் சாவியை எல்லார் கையிலும் கொடுப்பது வேறு. ராமாநுஜர் செய்தது பின்னது. அவர் மந்திரத்தின் மகிமையைக் குறைக்கவில்லை. குருவின் பெருமையையும் மறுக்கவில்லை. அச்சொல்லைப் பெறுவதற்குரிய தகுதி எது என்ற ஒன்றையே மாற்றினார். விருப்பம் என்ற ஒன்றைத் தவிர வேறு தகுதி வேண்டா என்பதே அவர் நிறுவிய நெறி.

இந்தக் கருவிகள் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் முறையை ஆராயுந்தோறும் எனக்கு வியப்பு மிகுகிறது. இன்று வீடுகளில் பெரிதும் வழங்குகின்ற, 2004-ஆம் ஆண்டில் வந்த டபிள்யூ.பி.ஏ.2 என்னும் காப்பு முறையில், நாம் இடும் பாஸ்வேர்டு ஒருபொழுதும் காற்றில் செல்வதே இல்லை. அந்தச் சொல்லோடு, நாம் பெட்டிக்குச் சூட்டிய பெயரையும் சேர்த்து, 4096 சுற்றுகள் கணக்கிட்டு, அதிலிருந்து ஒரு மூலச் சாவியை இரு கருவிகளும் தனித்தனியே ஆக்கிக்கொள்கின்றன. பின்னர் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொண்டு, சொல்லை உச்சரிக்காமலே, அதை அறிந்திருப்பதை ஒன்றுக்கொன்று மெய்ப்பிக்கின்றன. பெயரை மாற்றினால் சொல் அதுவேயாயினும் சாவி மாறிவிடும். நாமமும் மந்திரமும் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்து நிற்க, மௌனத்திலே அறிமுகம் நிகழ்கிறது. அந்த வேளையில் பெட்டி கேட்பது ஒன்றே: சொல்லை அறிவாயா? உன் குலம் என்ன, உன் தெரு எது என்று கேட்கும் வினா அங்கே இல்லை.

அந்த வினாவைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கோபுரங்களை நெடுந்தொலைவிலிருந்தே காணலாம். அம்மையோ அண்டமெல்லாம் நிறைந்தவள். ஆனால் அவள் சந்நிதிக்குச் செல்லும் வாயிலில் பிறப்பு என்ற வினா தலைமுறை தலைமுறையாகக் காவல் நின்றது. 1939 ஜூலை 8 அன்று, ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடிய வைத்தியநாத ஐயர், பின்னாளில் அமைச்சராக விளங்கிய கக்கன் உள்ளிட்ட, அதுவரை விலக்கப்பட்டிருந்த குலத்தார் சிலரை அழைத்துக்கொண்டு அவ்வாயிலைக் கடந்தார். கோயில் நிர்வாக அதிகாரியாயிருந்த ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். எதிர்ப்பு கிளம்பிற்று, பூசலும் தொடர்ந்தது. ஆயினும் அவ்வாண்டிலேயே ராஜாஜியின் அரசு ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தது. அதுவரை அக்கோயிலுக்குள் அடி வைக்காதிருந்த காந்தியடிகள் 1946-இல் வந்து தரிசித்தார். சாந்நித்தியம் கெட்டுவிடும் என்று அஞ்சியவர்களின் அச்சம் பொய்யாயிற்று. கருவறையின் விளக்கு அன்றும் எரிந்தது, இன்றும் எரிகிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். அதைத் தட்டிக் கழிப்பது அழகன்று. திருக்கோஷ்டியூர் நம்பி இட்ட ஆணை வெறும் கஞ்சத்தனமா? அல்ல. மதியாதவன் கையில் விழுந்த பொருள் வீணாகும் என்று ஆசிரியர் அஞ்சுவது பொருளின்மேல் அவர் கொண்ட பக்தியின் அடையாளம். "முன்னப்பின்ன தெரியாதவங்க நம்ம லைன்ல ஏதாச்சும் செஞ்சா, வம்பு நமக்குத்தாங்கய்யா வரும்" என்று அந்த இளைஞன் சொன்னதும் இதே வகை. அதற்கு அவனே ஒரு வழியும் காட்டினான். வருவோர் போவோர்க்கென்று அதே பெட்டியில் வேறொரு பெயரில் தனி இணைப்பு அமைக்கலாம். அதில் இணைந்தவர்க்கு வெளியுலகம் திறக்கும், நம் வீட்டுக் கருவிகள் தென்படா. கேட்டவுடனே எனக்குத் திண்ணை நினைவுக்கு வந்தது. முன்பின் அறியாத வழிப்போக்கனுக்கு நிழலும் நீரும் இரவு தங்க இடமும் தந்து, ஆனால் உள்வீட்டின் அமைதிக்கும் பங்கம் வராமல் காத்த அந்தத் திண்ணையின் தர்மம் இந்தப் பெட்டிக்குள்ளும் இருக்கிறதே என்று மகிழ்ந்து, அவ்விணைப்புக்குத் 'திண்ணை' என்றே பெயர் வைக்கச் சொன்னேன்.

"அப்ப இந்தப் பாப்பாவுக்கும் திண்ணையிலேயே கொடுத்திரலாங்களா?" என்று அவன் கேட்டான். அந்த வினாதான் என்னை விழிக்கச் செய்தது. அறியாதவனுக்குத் திண்ணை உபசாரம். பிறந்தது முதல் நம் கண்முன் வளர்ந்தவளைத் திண்ணையிலேயே இருத்துவது அவமதிப்பு. திண்ணை பழக்கமின்மைக்கு ஏற்பட்டது. பழகப் பழக ஒருவன் அதிலிருந்து எழுந்து உள்ளே வரலாம். பிறப்பு என்னும் தடையோ எத்தனை தலைமுறை பழகினாலும் கரையாதது. அது திண்ணை அன்று, சுவர். காவலுக்கும் விலக்குக்கும் உள்ள வேற்றுமை இதுவே. நம்பியின் ஆணையில் இருந்தது காவல். மீனாட்சியம்மன் வாயிலில் நின்றது விலக்கு. ஒன்றன் நியாயத்தைக் காட்டி மற்றொன்றை நாம் காப்பாற்றி வந்ததே நம் சமயம் செய்த பெரும்பிழை.

வாயில் திறந்துவிட்டது என்று சொல்வதோடு கடமை முடிவதும் இல்லை. கக்கன் பிறந்த தும்பைப்பட்டியைத் தன்னகத்தே கொண்ட மேலூர் வட்டாரத்தில், 2001-ஆம் ஆண்டு முதல், சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லாத் தொடர்பைக்கொண்டு, சிற்றூர்களில் இணைய நிலையங்கள் அமைக்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை சிந்திக்கத்தக்கது: நிலையம் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புக்கு அருகில் அமைந்தால் அவர்களும் வந்தனர். சட்டப்படி எல்லா நிலையமும் எல்லார்க்கும் பொதுவே. ஆயினும் வாயில் எங்கே இருக்கிறது என்பதும் வாயிலின் ஒரு பகுதி. ராமாநுஜர் தம் மடத்தில் அமர்ந்து கேட்டோர்க்கு உரைத்திருக்கலாம். அவர் உயரத்தில் ஏறியது, குரல் வெளியே நிற்பவன் செவியிலும் விழவேண்டும் என்பதற்காக. என் பெட்டியை உள்ளறையில் வைக்காமல் வாயிலை ஒட்டி மாட்டச் சொன்னதும் அதனாலேயே.

புறப்படுமுன் இளைஞன் ஒன்று சொன்னான். பழைய டபிள்யூ.பி.ஏ.2 முறையில், பாஸ்வேர்டை அறிந்த ஒருவன், மற்றொருவர் இணையும் தருணத்தை ஒற்றுக் கேட்டால், அவர் செய்தியைப் படித்துவிடக் கூடுமாம்; 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 முறையில் அது இயலாதாம். எல்லார்க்கும் சொல் ஒன்றே. ஆனால் அச்சொல்லால் ஒவ்வொருவரும் பெறும் சாவி அவரவர்க்கே உரியது. பாதுகாப்புப் பகுதியில் அதையே தெரிந்து அமைத்துத் தந்தான்.

என் பழைய வினாவுக்கு விடை இதில் இருக்கிறது என்று நம்புகிறேன். மறையில் மறைக்கத்தக்கது சொல் அன்று. அச்சொல்லைத் துணைக்கொண்டு ஓர் உயிர் தன் இறைவனோடு தனித்திருந்து பேசும் பேச்சே மறைவுக்கு உரியது. ஆயிரம் பேர் ஒரே நாமத்தைச் சொல்லிக்கொண்டு ஒரே சந்நிதியில் நிற்கிறார்கள். அருகில் நிற்பவள் எதை வேண்டிக் கண்ணீர் விடுகிறாள் என்பதை எவரும் அறியார். நாமம் பொது; வேண்டுதல் அந்தரங்கம். இவ்விரண்டையும் இடம் மாற்றி, நாமத்தைப் பூட்டி வைத்து, வேண்ட வந்தவனின் குலத்தை வெளிப்படையாக விசாரித்த காலம் நமக்கு இருந்தது. அது மீளாதிருக்க வேண்டும்.

திண்ணைக்குரிய சொல்லை வாயில் நிலையின் பக்கத்தில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தேன். வீட்டுக்குரிய சொல்லை, வாயிற்படியில் நின்றிருந்த பெண்ணை உள்ளே அழைத்து உட்காரவைத்து, எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒருமுறை திருப்பிப் படித்துக் காட்டிவிட்டு, "என் சிநேகிதிக்கும் சொல்லலாமா தாத்தா?" என்று கேட்டாள்.

"அவளையும் இங்கே கூட்டிக்கொண்டு வாம்மா" என்றேன்.