நிலுவையும் நீதியும்

உழைத்தவனுக்கு உரிய கூலியை மறுப்பது அநீதி என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். ஆனால், மறுக்காது தாமதிப்பதும் அநீதியாகுமா என்று கேட்டால் பலர் தயங்குவர். "எப்படியும் கிடைக்கத்தானே போகிறது, சிறிது பொறுத்தால் என்ன?" என்பதே அவர்களது விடையாக இருக்கும். பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இவ்விடையினுள் ஒரு பெரும் அநியாயம் மறைந்திருக்கின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டுத் தபாற்காரரின் அண்மைக்கால அனுபவம் அதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

அந்நாட்டின் நகரங்களில் வீடு வீடாகக் கடிதம் கொண்டு செல்வோரின் தொழிற்சங்கம் 1889ஆம் ஆண்டு தோன்றியது. அச்சங்கத்துக்கும் தபாற் சேவைக்கும் இடையிலிருந்த கூட்டு ஒப்பந்தம் 2023ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி காலாவதியாயிற்று. பேச்சுவார்த்தை நீண்டது. 2024 ஒக்டோபரிலேயே ஓர் இணக்கம் எட்டப்பட்டது. ஆண்டுக்கு 1.3 சதவீத உயர்வு என்பது அதன் சாரம். வாக்களித்த அங்கத்தவரில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேர் அதனை நிராகரித்தனர். எனவே விவகாரம் நடுத்தீர்ப்புக்குச் சென்றது. 2025 மார்ச் 21ஆம் திகதி நடுத்தீர்ப்பாளர் டெனிஸ் நோலன் தமது தீர்ப்பை வழங்கினார். 2023 நவம்பரிலிருந்து 1.3 சதவீதம், 2024 நவம்பரிலிருந்து 1.4 சதவீதம், 2025 நவம்பரிலிருந்து 1.5 சதவீதம் என உயர்வுகள் வகுக்கப்பட்டன. விலைவாசிப் படியும் இவற்றோடு சேர்ந்தது.

முதலாவது உயர்வு, தீர்ப்பு எழுதப்பட்ட நாளுக்குப் பதினாறு மாதங்கள் முந்தியது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த இடைக்காலத்துக்கு உரிய தொகையே நிலுவைச் சம்பளம். தீர்ப்பு வந்ததும் அது கைக்கு வந்துவிடும் என்று தபாற்காரர் எதிர்பார்த்தனர். வரவில்லை, மாதங்கள் சென்றன. வெயிலிலும் பனியிலும் பையைச் சுமந்து நடப்பவர்கள், ஊராருக்கெல்லாம் தபாலைக் கொண்டு சேர்த்துவிட்டுத் தமக்கு வரவேண்டியதற்காக வழிபார்த்துக் காத்திருந்தனர்.

இத்தகைய தாமதத்துக்கு நிர்வாகங்கள் சொல்லும் நியாயங்களை முதலில் ஆராய்வோம். ஒவ்வோர் ஊழியரும் உழைத்த மணித்தியாலங்கள், மேலதிக நேரம், எடுத்த லீவு, பெற்ற பதவியுயர்வு ஆகிய யாவற்றையும் திரும்பக் கணக்கிட வேண்டும் என்பது ஒன்று. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இதே மணித்தியாலங்களை இரு வாரங்களுக்கு ஒரு முறை கணக்கிட்டுச் சம்பளம் வழங்கும் அதே கணினிகள்தாமே இதனையும் செய்யவேண்டும்? மேலும், உயர்வு என்றோ ஒரு நாள் வரத்தான் போகிறது என்பது ஒப்பந்தம் காலாவதியான அன்றே தெரிந்த செய்தி. ஆயத்தம் செய்வதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தன. தனக்கு வரவேண்டிய பணத்தைக் கணக்கிடும்போது மிக விரைவாக இயங்கும் நிர்வாக யந்திரம், தான் கொடுக்கவேண்டிய பணத்தைக் கணக்கிடும்போது மட்டும் நொண்டுவதேன் என்ற வினாவுக்கு விடை தேவை.

இரண்டாவது நியாயம் நட்டம் பற்றியது. 2024 நிதியாண்டில் அமெரிக்கத் தபாற் சேவை ஏறத்தாழ 950 கோடி டொலர் நட்டமடைந்தது மெய்யே. ஆனால் நட்டத்தில் இயங்கும் நிறுவனம் எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் உரிய பணத்தைத் தன் வசதிப்படி செலுத்த இயலுமா? வழங்குவோர் வட்டி கேட்பர்; அன்றேல் விநியோகத்தை நிறுத்துவர். உழைப்பை வழங்குபவனிடம் மட்டுமே "பொறுத்திரு" என்று சொல்ல முடிகின்றது. அவன் பொறுத்திருப்பதற்குக் காரணம் அவனிடம் பணம் மிகுந்திருப்பதன்று. நாளை மறுபடியும் வேலைக்குப் போகாதிருக்க அவனால் இயலாமையே.

இந்த உண்மையைக் கார்ல் மார்க்ஸ் தமது 'மூலதனம்' நூலின் முதற் பாகத்திலே சுட்டியுள்ளார். உழைப்பாளி தன் உழைப்புச் சக்தியை முதலிற் கொடுத்துவிடுகிறான். அதற்குரிய விலை பின்னரே வருகின்றது. ஆகவே எங்கும் எப்போதும் தொழிலாளியே முதலாளிக்குக் கடன் கொடுக்கின்றான் என்பது அவர் காட்டிய முடிவு. சாதாரணமாக இக்கடன் ஒரு வாரத்துக்கோ ஒரு மாதத்துக்கோ உரியது. நிலுவைச் சம்பளத்தின் விஷயத்திலோ அது ஆண்டுக் கணக்காக நீள்கின்றது. கடன் கொடுப்பவனின் சம்மதம் கேட்கப்படவில்லை, தவணை குறிக்கப்படவில்லை, வட்டி பேசப்படவில்லை. இப்படிப்பட்ட நிபந்தனைகளில் எந்த வங்கியாவது கடன் கொடுக்குமா?

"தொகை குறையவில்லையே" என்று வாதிப்பவர்களுக்கும் விடை கூறவேண்டும். 2023 நவம்பரில் வாடகை கட்டுவதற்குப் போதாமலிருந்த பணத்தை, அதற்கு ஒன்றரை ஆண்டுகள் கழித்து வரும் பணம் ஈடுசெய்யாது. அதற்கிடையில் கடனட்டையில் வட்டி ஏறியிருக்கும், பிள்ளையின் பல் வைத்தியம் ஒத்திவைக்கப்பட்டிருக்கும், சிலர் வேலையை விட்டே போயிருப்பர், சிலர் இறந்துமிருப்பர். உதவியைப் பொருளின் பருமனால் நிறுக்காது அது வந்து சேர்ந்த காலத்தால் நிறுத்தவர் வள்ளுவர். உதவிக்கே அது பொருந்துமாயின் உரிமைக்கு எத்துணை பொருந்தும்! கூலியாளின் ஊதியத்தை மறுநாட் காலைவரை வைத்திருக்கலாகாது என்று யூதரின் பழைய நியாயப்பிரமாணம் விதித்தது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கவேண்டும் என்பது இஸ்லாமிய மரபு. பண்டைச் சமுதாயங்களும் காலத்தைக் கூலியின் ஓர் உறுப்பாகவே கருதின என்பது இவற்றால் விளங்கும்.

ஆனால் தபாற்காரரின் நிலைமை ஏனைய தொழிலாளரின் நிலைமையிலும் ஒருபடி சிக்கலானது. அமெரிக்கச் சட்டப்படி அவர்கள் வேலைநிறுத்தம் செய்யலாகாது. இத்தடை உள்ள நிலையிலேதான் 1970ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் திகதி நியூ யோர்க் நகரத் தபாற்காரர் வேலையை நிறுத்தினர். தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 6,176 டொலர். உச்சச் சம்பளமாகிய 8,442 டொலரை அடைய 21 ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. வேலைநிறுத்தம் பல நகரங்களுக்கும் பரவியது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஊழியர் அதிற் பங்குகொண்டனர். ஜனாதிபதி நிக்சன் கடிதங்களைப் பிரிப்பதற்கு நியூ யோர்க்குக்குப் படையினரை அனுப்பினார். கடிதங்களைத் தரம்பிரிப்பது துப்பாக்கி பிடிப்பதுபோல் இலகுவானதன்று என்பதைப் படையினர் அங்கே கற்றுக்கொண்டனர்.

அப்போராட்டத்தின் முதற்பலன் யாது? ஆறு சதவீத உயர்வு. அதுவும் 1969 டிசம்பர் 27ஆம் திகதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்பட்டது. அதற்கான சட்டம் 1970 ஏப்ரல் நடுப்பகுதியிலேயே கையொப்பமாயிற்று. அதாவது, பின்னோக்கிச் சென்ற காலம் நான்கு மாதங்களுக்கும் குறைவு. அதே ஆண்டு ஓகஸ்டில் நிறைவேறிய மறுசீரமைப்புச் சட்டம் கூட்டுப் பேரம் பேசும் உரிமையை வழங்கியது. வேலைநிறுத்த உரிமையை வழங்கவில்லை. அதற்கு ஈடாக இருதரப்பையும் கட்டுப்படுத்தும் நடுத்தீர்ப்பே ஏற்பாடு செய்யப்பட்டது. பதினோராண்டுகளின் பின், 1981இல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஜனாதிபதி ரேகன் 11,000க்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து நீக்கினார். அத்தடை வெறும் காகிதத் தடையன்று என்பதை எல்லா அரசாங்க ஊழியரும் உணர்ந்தனர்.

ஆகவே, தபாற்காரன் தன் கையிலிருந்த ஒரே ஆயுதத்தைக் கீழே வைத்தவன். அதற்குப் பதிலாக அவன் பெற்றது ஒரு வாக்குறுதி: "நீ வேலையை நிறுத்தாதே, நடுநிலையான ஒருவர் தீர்ப்பளிப்பார், அத்தீர்ப்பு நிறைவேறும்." தீர்ப்பு வந்த பின்னரும் அதன் பயன் தாமதிக்குமாயின், ஆயுதத்தை வைத்தவனுக்கு எஞ்சுவது யாது? ஒரு தரப்பினர் தமது கடமையை ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் நிறைவேற்ற, மறுதரப்பினர் தமது கடமையை வசதிப்படி நிறைவேற்றலாம் என்றால், அங்கே ஒப்பந்தம் என்ற சொல்லுக்கே பொருளில்லை.

இதனினும் பாரதூரமான விளைவு ஒன்றுண்டு. முதலில் வந்த இணக்கத்தை அங்கத்தவர் நிராகரித்தனர் என்று கண்டோம். தீர்ப்பு அதனிலும் சிறிது மேம்பட்ட உயர்வையே தந்தது. நிலுவை தாமதிக்கத் தாமதிக்க, "அன்றே ஆமென்று வாக்களித்திருந்தால் இன்று பணம் கையிலிருக்குமே" என்ற முணுமுணுப்பு எழுவது இயல்பு. அடுத்த முறை வாக்குச்சீட்டைக் கையிலெடுக்கும் தொழிலாளி, ஒப்பந்தத்தின் நன்மை தீமையை நோக்குவானா, வீட்டு வாடகையை நோக்குவானா? இல்லை என்று சொல்லும் உரிமைக்குத் தாமதம் ஒரு வரி விதிக்கின்றது. யாரும் அவ்வாறு திட்டமிடாதிருக்கலாம், விளைவு அதுவே. கோபம் நிர்வாகத்தின்மீது பாய்வதை விட்டு, எளிதிற் கைக்கெட்டும் சங்கப் பிரதிநிதியின்மீது பாய்கின்றது. தோழனைத் தோழன் சந்தேகிக்கின்றான். நிலுவைத் தொகையிலும் பன்மடங்கு பெறுமதியுள்ள ஒற்றுமை இவ்வாறு செலவாகிவிடுகின்றது.

இது தூரதேசத்துக் கதை என்று நம்மவர் ஒதுக்கிவிட முடியாது. மலையகத் தோட்டத் தொழிலாளரின் கூட்டு ஒப்பந்தம் 2015 மார்ச்சில் காலாவதியாகி, நாளொன்றுக்கு 730 ரூபா என்ற புதிய ஒப்பந்தம் 2016 ஒக்டோபரிலேயே கைச்சாத்தானது. இடைப்பட்ட ஏறத்தாழ 18 மாதங்களுக்கான நிலுவை அவர்களுக்குக் கிட்டவில்லை. அங்கே தாமதம், இங்கே மறுப்பு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் நாம் நினைப்பதிலும் குறைவானது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழகிய சமுதாயம் ஒருநாள் மறுப்பையும் பொறுத்துக்கொள்ளும்.

எனவே நாம் தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு விடை கூறலாம். காலம் தாழ்த்திய கூலி, ஒரு பகுதி மறுக்கப்பட்ட கூலியே. மறுக்கப்பட்ட அப்பகுதிக்கு வட்டி என்று பெயர். அதனை நிலுவையோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும். கொடுக்கும் நாளும் ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும். தொழிற்சங்கங்கள் சதவீதத்துக்காக வாதாடும் அளவு திகதிக்காகவும் வாதாடவேண்டும். எத்தனை வீதம் என்பதோடு எந்த நாள் என்பதையும் கேட்கக் கற்ற தொழிலாளியை, "பொறுத்திரு" என்ற ஒரு சொல்லால் இனி எவராலும் திருப்பியனுப்ப முடியாது.