அறிந்தும் விடமாட்டாமை

மதுவுண்டல் தன் உடலையும் குடும்பத்தையும் கெடுக்கும் என்பதை நன்கறிந்த ஒருவன், இனித் தொடேன் என்று மனைவி மக்கள்முன் சூளுரைத்து, மறுநாளே அதனை நாடிச் செல்கின்றான். அறிவு உளதாகவும் செயல் அதன்வழி நில்லாமைக்குக் காரணம் யாது? நெஞ்சுரமின்மையே என்பர் ஒரு சாரார். அது நோயே, அவன்மேற் பொறுப்பொன்றுமில்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் பொருந்துமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

அறிவு, விழைவு, செயல் என்னும் மூன்றனுள் போதைப்பொருள் பெரிதும் பற்றுவது விழைவையேயாம். 1954-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் ஓல்ட்சு, மில்னர் என்னும் இருவர், எலியின் மூளையில் நுண்ணிய கம்பியைச் செலுத்தி, எலி ஒரு நெம்புகோலை அழுத்துந்தோறும் அவ்விடத்து மின்சாரம் பாயுமாறு அமைத்தனர். எலிகள் அதனை மீண்டும் மீண்டும் அழுத்தின. இத்தகைய விழைவில் டோபமீன் என்னும் பொருளுக்குப் பெரும்பங்குண்டு என்பது பின்னர்ப் புலனாயிற்று. அதனை இன்பந்தரும் பொருளென்றே பலர் கருதியிருக்க, 1993-ஆம் ஆண்டில் ராபின்சன், பெரிட்ஜ் என்னும் அறிஞர் இருவர், துய்க்கும் இன்பம் வேறு, அதன்மேற் செல்லும் வேட்கை வேறு என்றும், டோபமீன் வேட்கைக்கே உரியது என்றும் கூறினர். பழக்கம் முதிர இன்பம் தேயினும் வேட்கை வளரும். குடித்த இடத்தையும் உடன்குடித்தார் முகத்தையும் கண்ட அளவிலே அஃது எழும். ஆகலின், தீதென்று அறிந்ததனை ஒருவன் நாடுதல் வியப்பன்று.

அற்றேல், நெஞ்சுரமுடையான் ஒரே நாளில் விட்டொழித்தல் ஆகாதோ எனின், விடுதல் உள்ளத்தளவில் நிற்பதொன்றன்று என்க. மூளையில் காபா என்பது அடக்குந் தொழிலும், குளூட்டமேட் என்பது எழுப்புந் தொழிலும் உடையன. மது முன்னதை மிகுத்துப் பின்னதைக் குறைக்கும். நெடுநாள் மிகக் குடித்தான் மூளை, இதற்கு ஈடாக அடக்கத்தைத் தளர்த்தி எழுச்சியை மிகுத்துக்கொள்ளும். மது திடீரென நின்றவழி அவ்வெழுச்சி தடையின்றி மேலோங்கும். சில மணி நேரத்திற் கைந்நடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றும். சிலர்க்கு 2 நாட்களுக்குள் வலிப்பு வரும். சிலர்க்கு 2 முதல் 4 நாட்களுக்குள், இல்லாதன கண்டு பிதற்றும் சன்னி வரும். மருத்துவமின்றேல் அஃது உயிரையும் போக்கும். 'ஆண்மகனாயின் இன்றே விடு' என்று அத்தகையானை அறையுள் அடைத்துவைப்பார், நன்மை செய்வதாக எண்ணிப் பெருந்தீங்கு விளைக்கின்றனர். மருத்துவரோ டயசிபாம் போன்ற மருந்தை அளந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பர். மூளைக்கு ஊறு நேராவண்ணம் தயமின் என்னும் வைட்டமினையும் தருவர்.

அங்ஙனமாயின் எல்லாம் உடலின் செயலே, அவன்பால் முயற்சிக்கு இடமில்லை எனின், அதுவும் பொருந்தாது. வியட்நாம் போரிலிருந்து 1971-ஆம் ஆண்டில் மீண்ட அமெரிக்கப் படைவீரரை லீ ராபின்சு என்னும் அம்மையார் ஆராய்ந்தார். ஆண்டு ஹெராயினுக்கு அடிமையாயிருந்தோருள் மிகப் பெரும்பாலார், தாயகம் மீண்டபின் முதலாண்டில் மீட்டும் அடிமையாகவில்லை என்று கண்டார். இடமும் சூழலும் மாறியவழி விழைவும் மாறுதல் கூடும் என்பது இதனாற் பெறப்படும். கட்டுண்டவன் கட்டுண்டவனேயன்றி, உள்ளம் அழிந்தவனல்லன்.

ஆகவே, பொறுப்பு அவனை விட்டு நீங்குவதன்று. அதன் வடிவே வேறாகின்றது. தனித்து நின்று வெல்வேன் என்னும் செருக்கை விடுதலும், குடித்த அளவை மருத்துவர்க்கு மறையாது கூறுதலும், பழைய இடத்தையும் கூட்டத்தையும் விலகுதலும் அவன் கடமைகளாம். நடுக்கம் சில நாட்களில் நீங்கினும் வேட்கை நெடுநாள் நிற்குமாதலின், அவன் மீண்டும் வழுக்கியவழி இகழாது மருத்துவத்திற்கு அழைத்துச் செல்லுதல் சுற்றத்தார் கடமையாம். குற்றம் யாருடையது என்னும் வழக்கைத் தீர்த்தற்கு முன்னர், அவன் உயிரோடிருத்தல் வேண்டுமன்றோ?