அருவிக்குப் பின்னால் அமர்ந்தவர்கள்

ஆடி மாத ஞாயிறுகளில், விடியுமுன்னே சயான் ரயில் நிலையத்தில் முதுகுப் பையுடன் இளைஞர்கள் கர்ஜத் மார்க்க வண்டிக்குக் காத்து நிற்பதைக் காணலாம். சஹ்யாத்ரி மலையின் அருவிகளே அவர்களது நாட்டம். பெரும்பாலோர் பெயர்பெற்ற அருவிகளைத் தேடிச் செல்ல, சிலர் மட்டும் கோந்திவடே கிராமத்திலிருந்து ராஜ்மாச்சிக் கோட்டையின் அடிவாரக் காட்டு வழியே கோண்டாணே குகைகளுக்கு ஏறுகின்றனர்.

கி.மு. முதல் நூற்றாண்டளவில் குடையப்பட்ட பௌத்தக் குகைகள் அவை. மரவேலைப்பாட்டைக் கல்லில் அப்படியே வடித்த சைத்திய முகப்பின் முன்னே, மழைக்காலத்தில் மலைமுகட்டு நீர் திரைபோல் விழுகிறது. இன்றைய மனிதன் அங்கே செல்வது அந்தப் பருவத்தில்தான். ஆனால் அங்கு வாழ்ந்த பிக்குகளோ அந்தப் பருவத்தில் எங்குமே செல்லாதவர்கள்! முளைவிடும் பயிரும் புழு பூச்சிகளும் காலில் மிதிபடலாகாது என்று மழைக்காலம் முழுவதும் ஓரிடத்தில் தங்குவது அவர்களது நெறி. ஆஷாடப் பௌர்ணமியன்று வியாச பூஜை செய்து சந்நியாசிகள் மேற்கொள்ளும் சாதுர்மாஸ்ய விரதமும் இதே கருணையிலிருந்து பிறந்ததே.

அருவியைக் காணச் செல்வது பிழையன்று. நெருக்கடியான ஓர் அறையில் வாரம் முழுவதும் அடைபட்டவனுக்கு அது மருந்துகூட. ஆனால் கண்டதும் நிறைவடையாத மனம், ‘இன்னும் ஓரடி’ என்கிறது. மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது; சில நிமிடங்களில் ஓடை காட்டாறாகிவிடும். 2024 ஜூன் 30 அன்று லோனாவாலாவில் பூஷி அணைக்கருகே, அருவி நீரின் நடுவே நின்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவரை வெள்ளம் அடித்துச் சென்றது. அவர்களுள் குழந்தைகளும் உண்டு. மழைக்காலத்தில் மாவட்ட நிர்வாகம் விதிக்கும் தடையுத்தரவைத் தன் சுதந்திரத்துக்கு இழுக்கெனக் கருதுபவன், புலன்களின் கட்டளைக்கு அடிபணிவதையே சுதந்திரம் என்று எண்ணிக்கொள்கிறான்.

ஆறுகள் வந்து கலந்தும் நிலைகுலையாத கடலை, கீதையின் இரண்டாம் அத்தியாயம் ஞானிக்கு உவமை சொல்கிறது. பேரிரைச்சலுக்குப் பின்னே மூன்று மாதம் அமர்ந்திருந்தவர்களுக்கு அந்த உவமை அனுபவமாகவே இருந்திருக்கும். ஒலி நிற்கட்டும், பிறகு தியானிக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தாராவியை ஒட்டிய ஒற்றையறை வீட்டில், ரயிலோசைக்கும் குழாயடிப் பேச்சுக்கும் இடையே ஜபமாலையை எடுக்கும் இல்லத்தரசிக்கு இது புரியும். மலையேறிய மகனைவிட அவள் ஒருவேளை அந்தக் குகைக்கு அருகில் இருக்கலாம்.

குகைக்குச் செல்வோர் சைத்திய மண்டபத்தின் முகப்பருகே சிதைந்து நிற்கும் சிற்பத்தைக் கவனிப்பது அரிது. அதனருகே பிராகிருதத்தில் ஒரே ஒரு வரி உள்ளது. கண்ஹன் என்பவரின் மாணாக்கனான பலகன் அதைச் செய்தான் என்பது அதன் பொருள். அங்கே ஆசானின் பெயர் முதலிலும், மாணாக்கனின் பெயர் அடுத்தும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.